படமா, பேட்டியா? பேட்டி அணியிலிருந்து

நடுவர் ஐயா, சபையோரே, வணக்கம். மிச்ச வணக்கம் எல்லாம் இறங்கும்போது.

இயக்குநரை அறியப் படம் போதும், பேட்டி வெறும் ஊர்க்கதை என்றார் எதிரணித் தம்பி. அதோடு விட்டாரா? "நடிகர்களை மாடு என்ற திகில் பட இயக்குநர் ஹிட்ச்கொக்கின் வாயைப் பார்க்க ஒரு மணித்தியாலமா?" என்று பகிடி வேறு. நீங்களும் கை தட்டினீர்கள், பார்த்தேன்.

தம்பி, 1972இல் பேட்டி எடுக்கும் டிக் கவெட் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஹிட்ச்கொக்கிடம் இதையே கேட்டார். மனுசன் சிரிக்கவே இல்லை. நான் அப்படிச் சொல்வேனா, மாட்டைப் போல நடத்த வேண்டும் என்றுதான் சொல்லியிருப்பேன் என்றார்! சரி, இங்கே மாட்டை எப்படி நடத்துகிறோம்? பட்டிப்பொங்கலுக்குக் குளிப்பாட்டி, பொட்டு வைத்து, மாலை போட்டு, பொங்கல் ஊட்டுகிறோம். இந்தச் சபையில் எந்தப் புருசனுக்கு அது கிடைத்தது? பின்வரிசையில் ஒரு அண்ணை தலையைக் குனிகிறார், விடுங்கள்.

அவர் பேட்டிக்குப் பேட்டி சொன்ன கதை ஒன்று. தகப்பன் லண்டனில் மரக்கறி வியாபாரி. பெடியனுக்கு ஐந்து வயதளவில் ஒரு துண்டு எழுதிக் கொடுத்து அனுப்புகிறார். எங்கள் வீட்டில் துண்டு தந்தால் சங்கக்கடைக்கு. சீனி ஒரு கிலோ, பருப்பு அரைக் கிலோ. இவனை அனுப்பியது பொலிசுக்கு! பொலிஸ்காரர் வாசித்தார், பெடியனைப் பார்த்தார், திரும்ப வாசித்தார், கூண்டுக்குள் தள்ளிப் பூட்டினார். சில நிமிடம்தான். குழப்படி செய்தால் இப்படித்தான் என்று திறந்து விட்டாராம். அந்தச் சில நிமிடம் சாகும்வரை போகவில்லை, ஐயா. குற்றம் செய்யாதவனைப் பொலிஸ் துரத்தும் படங்களாக அவர் ஏன் எடுத்துத் தள்ளினார்? துண்டைக் கேளுங்கள். பொலிஸ் பயம் என்றால் என்ன என்று யாழ்ப்பாணத்துக்கு நான் சொல்லத் தேவையில்லை.

அப்புறம் 1979, வாழ்நாள் விருது மேடை. அது பேட்டி இல்லையே என்று தம்பி துள்ளுவார், துள்ளட்டும். எனக்கு அன்பும் துணையும் தந்த நாலு பேரை மட்டும் சொல்கிறேன் என்றார் கிழவர். ஒருவர் படத்தொகுப்பாளர், ஒருவர் திரைக்கதை எழுதுபவர், ஒருவர் என் மகளின் தாய், ஒருவர் அற்புதமாகச் சமைப்பவர். நாலு பேருக்கும் பெயர் அல்மா. அடுத்த வருசம் அவர் போய்விட்டார். அந்த ஐம்பது வருசத்து மனைவியை எந்தப் படத்தில் ஐயா பார்ப்பீர்கள்?

புட்டை அவித்து மூடி வைத்துவிட்டு வந்திருக்கிற அம்மாமாரே, உங்களில் எத்தனை பேரின் பெயரை யாராவது மேடையில் சொன்னார்கள்? நடுவர் ஐயா, தீர்ப்பை எழுதமுதல் வீட்டுக்கு ஒரு போன் எடுங்கள். வணக்கம்.