காபிக் கடையில் ஒரு காதல்

நேயர்களுக்கு வணக்கம்.

ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் காதலிக்கிற கதை என்றால் முடிவில் ஒருவராவது செத்துப்போக வேண்டும் என்று நெடுங்காலம் ஓர் எழுதாத சட்டம் இருந்தது. இங்கிலாந்தின் இ. எம். ஃபார்ஸ்டர் 1913, 14 வாக்கில் 'மாரிஸ்' என்ற நாவலை எழுதினார். அதில் இரண்டு ஆண்களைச் சேர்ந்து வாழவிட்டார். சோகமாக முடித்திருந்தால் வெளியிடுவது சுலபமாக இருந்திருக்கும் என்று அவரே பின்னால் எழுதியிருக்கிறார். 1970இல் அவர் இறந்த பிறகு, 1971இல்தான் புத்தகம் வந்தது.

இப்போது வருகிற பால்புதுமையர் (ஆண், பெண் என்ற வழக்கமான ஜோடிக்குள் அடங்காதவர்கள்) காதல் நாவல்களில் பல, படித்தால் வயிறு நிறைகிற ரகம். கருத்துக்காக இல்லை, சும்மா சந்தோஷத்துக்காகவே படிக்கலாம்.

2022இல் வந்த டிராவிஸ் பால்ட்ரீயின் 'லெஜண்ட்ஸ் அண்ட் லாட்டேஸ்' ஒரு மாயாஜாலக் கதை. விவ், ஓர்க் என்ற கற்பனை இனத்துப் பெண், ராட்சசி மாதிரி உடம்பு. கூலிக்கு வாள் வீசிப் பிழைத்தவள், அலுத்துப்போய் தூன் என்ற ஊரில் பழைய குதிரை லாயத்தை வாங்கிக் காபிக் கடை போடுகிறாள். அந்த ஊரில் காபி என்றால் என்னவென்றே தெரியாது! வேலைக்கு வந்த டாண்ட்ரி பலகையில் அழகாக எழுதி ஆட்களை இழுக்கிறாள். திம்பிள் என்கிற எலி மனிதர் இலவங்கப்பட்டை போட்டு ரொட்டி சுடுகிறார். விவ்வுக்கும் டாண்ட்ரிக்கும் நடுவே காதல் டிகாக்‌ஷன் மாதிரி சொட்டுச் சொட்டாகத்தான் இறங்குகிறது. அவசரக்காரர்களுக்கு ஆகாது.

கும்பகோணத்துக்காரர்களுக்குச் சிரிப்பு வரும், காபி தெரியாத ஊரா என்று. நாமும் ஒரு காலத்தில் தூன்தான். நீராகாரம் குடித்த வீடுகளில் காபி நுழைந்தபோது, குடி கெட்டது என்று புலம்பியவர்கள் உண்டு. அப்புறம் காபி கிளப்புகள் வந்தன. பிராமணாளுக்குத் தனி இடம், மற்றவர்களுக்குத் தனி இடம். யார் பக்கத்தில் யார் உட்காரலாம் என்பது காபியைவிடப் பெரிய விஷயமாக இருந்தது. விவ் கடையில் ஓர்க், எலி, மனுஷர் எல்லாரும் சேர்ந்தே உட்காருகிறார்கள். காதலைவிட எனக்கு அதுதான் பிடித்தது.

கேசி மெக்விஸ்டனின் 'தி பேரிங்' 2024இல் வந்தது. தியோவும் கிட்டும் சண்டை போட்டுப் பிரிந்தவர்கள். நாலு வருஷம் கழித்து, லண்டனில் புறப்படுகிற ஒரு சாப்பாட்டுச் சுற்றுலாவில் எதிரெதிரே வந்து நிற்கிறார்கள். கிட் பாரிஸில் பேஸ்ட்ரி செய்கிறவர், தியோவுக்கு ஒயின் பைத்தியம். சிசிலியின் பலெர்மோ வரை தின்றுகொண்டே போகிறார்கள். முதல் பாதியைத் தியோ சொல்கிறார், மறுபாதியைக் கிட். ஒரே பிரிவை இரண்டு வாயால் கேட்கும்போது, ஒருத்தர் மேல் வைத்திருந்த கோபம் நமக்கே கரைந்துபோகிறது. ஒரு குறை: வாயில் போட்டது இறங்குவதற்குள் அடுத்த தட்டு வந்துவிடுகிறது. படுக்கையறைக் காட்சிகளும் தாராளம், பெரியவர்களுக்கான புத்தகம்.

இதை நம் பக்கம் யாராவது எழுதக் கூடாதா? திருவையாற்று அசோகா அல்வாவில் ஆரம்பித்து, இட்லிக்குத் தொட்டுக்கொள்கிற கும்பகோணம் கடப்பா, நாகப்பட்டினம் மீன் குழம்பு என்று இரண்டு பெண்களை டவுன் பஸ்ஸிலேயே அனுப்பலாம். லாட்ஜில் ஒரே அறை கேட்டாலும், தோழிகள் என்று நினைத்துச் சாவியைக் கொடுத்துவிடுவார்கள். வாடகைக்கு வீடு கேட்கிறபோதுதான் கதை சூடு பிடிக்கும். ஒரே பாலினத்தவர் உறவு குற்றமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2018இலேயே சொல்லியாயிற்று. வீட்டுக்காரம்மா எங்கே தீர்ப்பெல்லாம் படிக்கிறார்? அந்த அம்மாவையும் ஒரு கிண்ணம் கடப்பாவால் மடக்குகிற மாதிரி எழுதுங்கள். அழுகை வேண்டாம். முதல் பிரதியைக் காசு கொடுத்தே வாங்கிக்கொள்கிறேன்.

நன்றி, வணக்கம்.