திக்கினால் திக்கட்டும்

நேயர்களுக்கு வணக்கம். எனக்குத் திக்குவாய். இந்த உரையில் சில சொற்கள் நடுவில் நிற்கும், சில முதல் எழுத்திலேயே இழுக்கும். அந்த இடங்களை வெட்டாமல் ஒலிபரப்பும்படி நிலையத்தாரைக் கேட்டுக்கொண்டேன். ஒப்புக்கொண்ட அவர்களுக்கு நன்றி.

உலகத்தில் ஏறத்தாழ 100 பேரில் ஒருவருக்குத் திக்கல் உண்டு. பெரும்பாலும் 2 வயதிலிருந்து 5 வயதுக்குள் தொடங்கும். பல குழந்தைகளுக்குத் தானாகவே போய்விடும், சிலருக்குத் தங்கிவிடும். நாக்குத் தடித்திருப்பதாலோ பயத்தாலோ வருவதில்லை இது. பேச்சை இயக்கும் மூளைப் பகுதிகள் சேர்ந்து வேலை செய்வதில் உள்ள ஒரு வேறுபாடு. பரம்பரைக்கும் அதில் பங்கு உண்டு. நாக்கில் வசம்பு தேய்ப்பதாலும், வாயில் கூழாங்கல்லைப் போட்டுப் பேசச் சொல்வதாலும் பிள்ளையைப் படுத்தியதுதான் மிச்சம்.

திக்குவதைவிடப் பெரிய பாடு அதை மறைப்பது. நாலு சொல் தள்ளி வரப்போகும் எழுத்தை மனம் முன்கூட்டியே மோப்பம் பிடித்துவிடும். உடனே வேறு சொல் தேடுவோம். 'கிண்டி' வாயில் வராது என்று தெரிந்தால் சைதாப்பேட்டைக்கு டிக்கெட் வாங்கி, இறங்கி நடப்போம். ஓட்டலில் காபி குடிக்க ஆசை, கேட்பதோ டீ. வகுப்பில் விடை தெரிந்திருந்தும் தெரியாது என்று தலையாட்டுவோம். சொந்தப் பெயருக்கு மட்டும் மாற்றுச் சொல் கிடையாது. பலருக்கும் அங்கேதான் அதிகம் திக்கும். இப்படியே மறைத்து மறைத்து, சரளமாகப் பேசும் அண்ணனைப் போலவோ பக்கத்து பெஞ்சுக்காரனைப் போலவோ இருக்க ஏங்கியே வயது ஓடிவிடுகிறது. அந்த ஏக்கம்தான் எனக்கு வருத்தம் தருகிறது, திக்கல் அல்ல.

அமெரிக்காவில் சார்ல்ஸ் வான் ரைப்பர் என்று ஓர் அறிஞர் இருந்தார். அவரே கடுமையாகத் திக்கியவர். 1936இல் மிச்சிகனில் பேச்சுப் பயிற்சி நிலையம் தொடங்கினார். திக்கவே கூடாது என்று போராடாதீர்கள், இறுக்கமில்லாமல் திக்கப் பழகுங்கள் என்பது அவர் காட்டிய வழி. தன்னிடம் வந்தவர்களை ஆட்கள் முன்னால் வேண்டுமென்றே திக்கிப் பேச வைத்தார். கேட்க விபரீதமாகத்தான் இருக்கும். ஆனால் ஒளிக்க ஒன்றும் இல்லை என்றானதும் தொண்டையும் தாடையும் தளர்ந்துவிடும். எனக்குக் கைகொடுத்ததும் இதுதான். புதியவர்களிடம் இப்போது எடுத்த எடுப்பிலேயே, "எனக்குத் திக்கும், கொஞ்சம் பொறுங்க" என்று சொல்லிவிடுகிறேன்.

சரி, அப்படியானால் பயிற்சியே வேண்டாமா? வேண்டும். குழந்தைக்குத் திக்கல் நீடித்தால் பேச்சுப் பயிற்சியாளரிடம் சீக்கிரம் அழைத்துப் போங்கள். நானும் பயிற்சி செய்கிறேன், வேறொருவராக மாறுவதற்காக அல்ல.

அப்புறம், பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளை திக்கும்போது "மெதுவா சொல்லு", "மூச்சை இழுத்துட்டுச் சொல்லு" என்று இடையில் புகாதீர்கள். மீதிச் சொல்லை நீங்கள் முடித்து வைக்காதீர்கள். பிள்ளையின் முகத்தைப் பார்த்துக் காத்திருங்கள். வருகைப் பதிவின்போது திக்குகிற பிள்ளை கையைத் தூக்கினால் போதும் என்று விடலாமா என ஓர் ஆசிரியர் என்னிடம் கேட்டார். அந்தப் பிள்ளையிடமே கேளுங்கள். சிலருக்கு அது நிம்மதி. சிலருக்கோ, எத்தனை நேரம் ஆனாலும் தன் வாயாலேயே "உள்ளேன் ஐயா" சொல்ல வேண்டும்.

நன்றி, வணக்கம்.