மருந்துச் சீட்டில் யார் கையெழுத்து?

(சர்வதேச செவிலியர் தினத்தையொட்டி நர்சிங் மாணவிகள் முன் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

முதல்வர் அவர்களுக்கும், ஆசிரியைகளுக்கும், இந்த மே மாத வெயிலிலும் அரங்கை நிறைத்திருக்கும் தங்கைகளுக்கும் வணக்கம்.

மே 12 வந்துவிட்டால் கைவிளக்கு ஏந்திய காரிகை ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேலைப் பற்றிப் பேசாமல் யாரும் மேடையை விட்டு இறங்குவதில்லை. நானும் பேசுகிறேன். ஆனால் விளக்கை விட்டுவிடுகிறேன். கிரிமியப் போரிலிருந்து திரும்பிய பிறகு நைட்டிங்கேல் உட்கார்ந்து கணக்குப் போட்டார். எத்தனை வீரர்கள் காயத்தால் செத்தார்கள், எத்தனை பேர் தடுத்திருக்கக்கூடிய நோயால் செத்தார்கள் என்று மாதவாரியாக எண்ணி, 1858-ல் வண்ண வரைபடமாக அச்சிட்டு, அதிகாரத்தில் இருந்தவர்களின் கையில் கொடுத்தார். நோயில் போனவர்களே மிக அதிகம் என்பது படத்தைப் பார்த்த மாத்திரத்தில் புரிந்தது. நமக்கு இரக்கத்தைப் பற்றி நிறையச் சொல்லித் தருகிறார்கள். இந்தக் கணக்கைப் பற்றி அவ்வளவாகச் சொல்வதில்லை.

நான் இன்று சொல்லவந்த பெண்ணுக்கு நைட்டிங்கேலின் இந்த முகம்தான் பிடிக்கும். அமெரிக்காவில் என்னோடு ஒரே வார்டில் வேலை பார்த்தவள். பாலஸ்தீனப் பெண். பெயர் வேண்டாம். சிகாகோவுக்குத் தென்மேற்கே பிரிட்ஜ்வியூ என்று ஓர் ஊர் இருக்கிறது. குட்டிப் பாலஸ்தீனம் என்றே அதைச் சொல்வார்கள். அரபி எழுத்தில் பெயர்ப்பலகைகள், ரொட்டிக் கடைகள், பெரிய பள்ளிவாசல். அந்த வட்டாரத்தில் குடியேறிய பலருக்கு பாலஸ்தீனத்தின் மேற்குக் கரையில் ரமல்லா நகரை ஒட்டிய பைத்தூனியா சொந்த ஊர். இவள் குடும்பமும் அங்கிருந்து வந்ததுதான்.

சிறு வயதில் வந்தவர்களுக்கு ஆங்கிலம் சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும். பெற்றோருக்கு ஒட்டாது. அதனால் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு இவள்தான் கூடப் போவாள். ஒருமுறை அம்மாவின் மாதவிடாயைப் பற்றி டாக்டர் கேட்கிறார். பக்கத்தில் அப்பா நிற்கிறார். பதினோரு வயதுப் பெண் அந்தக் கேள்வியை அப்பா காதுபட அம்மாவிடம் எப்படிக் கேட்பாள்? கேட்காமலே ஒரு பதிலைத் தானாகச் சொன்னாள். கருப்பையில் கட்டி இருக்கிறது என்று டாக்டர் சொன்னபோது, “லேசான வீக்கமாம்” என்று அம்மாவிடம் சொல்லிவிட்டாள். நல்லவேளை, அது புற்றுநோய்க் கட்டி இல்லை. ஆனால் ஒரு சிறுமியின் வெட்கமும் பயமும் ஒரு நோயாளியின் கேஸ் ஷீட்டில் ஏறிவிட்டன.

சட்டம் இதற்கு ஒப்புவதில்லை. அரசுப் பணம் வாங்கும் நிறுவனங்கள் பிறந்த நாட்டை வைத்து யாரையும் ஒதுக்கக் கூடாது என்று 1964-ன் சிவில் உரிமைச் சட்டம் சொல்கிறது. மொழியும் அதில் அடங்கும் என்பது பின்னால் நிலைபெற்ற விளக்கம். அவசர நிலை தவிரக் குழந்தைகளை மொழிபெயர்க்க வைக்கக் கூடாது என்று 2016-ல் வெளிப்படையாகவே விதி வந்தது. அதற்குள் இவள் வளர்ந்து, நர்சிங் முடித்து, யூனிஃபார்மும் போட்டுவிட்டாள். இன்று பெரிய மருத்துவமனைகளில் திரையில் மொழிபெயர்ப்பாளர் வருகிறார். ஆனாலும் பரபரப்பான காலை நேரத்தில், “பையனுக்கு இங்கிலீஷ் தெரியுமே, அவனையே கேட்டுக்கலாமே” என்று சொல்பவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

வார்டில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். இதுதான் அவளை மேற்படிப்புக்குத் தள்ளியது என்பது என் கணிப்பு. ரமலான் மாதம். ஜூனில் நோன்பு வந்தால் சிகாகோவில் பகல் நீளம். 16 மணி நேரத்துக்கு மேல் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருக்க வேண்டும். வயதான ஓர் அம்மா லோ சுகர் ஆகி மயங்கிய நிலையில் வந்தார். கேஸ் ஷீட்டில் ‘அறிவுரையைப் பின்பற்றாதவர்’ என்று எழுதியிருந்தது. இவள் பக்கத்தில் உட்கார்ந்து அரபியில் பேச்சுக் கொடுத்தாள். அந்த அம்மா மாத்திரையைத் தவறவிட்டதே இல்லை! சுகரைக் குறைக்கும் கிளிமிபிரைடு மாத்திரையை எப்போதும்போலக் காலையில் போட்டுவிட்டு, பகல் முழுக்க நோன்பு இருந்திருக்கிறார். டாக்டர் நோன்பு வேண்டாம் என்று சொல்லியிருந்தார். அவரிடம் எதிர்த்துப் பேசக் கூச்சப்பட்டுத் தலையாட்டிவிட்டு வந்திருக்கிறார்.

தங்கைகளே, இது உங்கள் பாடத்திலும் வரும், குறித்துக்கொள்ளுங்கள். நோன்பு வைக்கிற சர்க்கரை நோயாளிக்கான வழிகாட்டுதல்கள் சர்வதேச அளவில் இருக்கின்றன. நாளுக்கு ஒருமுறை போடும் இந்த வகை மாத்திரையை நோன்பு திறக்கும் நேரத்துக்கு மாற்றலாம். தேவைப்பட்டால் அளவைக் குறைக்கலாம். விரல் நுனியில் குத்தி சுகர் பார்த்தால் நோன்பு முறியாது. முறியும் என்று பயந்தே பலர் பார்ப்பதில்லை. சுகர் 70-க்குக் கீழே இறங்கினாலும் 300-க்கு மேலே ஏறினாலும் உடனே நோன்பை விட்டுவிட வேண்டும். நோன்பே ஆகாது என்ற நிலையில் இருப்பவர்களும் உண்டு. அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் ரமலானுக்கு முந்தைய ஷஅபான் மாதத்திலேயே கூப்பிட்டுப் பேசினால் கேட்பார்கள், மயங்கி விழுந்த பிறகு சொல்லிப் பயனில்லை.

இவ்வளவும் அவளுக்குத் தெரியும். ஆனால் மாத்திரையின் நேரத்தை மாற்றி எழுத அவளுக்கு உரிமை இல்லை. டாக்டரைத் தேடி, காத்திருந்து, எடுத்துச் சொல்லி, அவர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் மாறியது. நர்ஸ் பிராக்டிஷனர் என்ற பதவி அங்கே 1965-ல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் ஒரு நர்ஸும் ஒரு குழந்தை மருத்துவரும் சேர்ந்து தொடங்கிய பயிற்சியிலிருந்து வளர்ந்தது. மேற்படிப்பு முடித்து உரிமம் பெற்றால் நோயைக் கண்டறியலாம், மருந்து எழுதலாம். சிகாகோ இருக்கும் இல்லினாய் மாநிலத்தில் முதலில் ஒரு டாக்டரோடு ஒப்பந்தம் வேண்டும். 4,000 மணி நேரப் பணியும் கூடுதல் பயிற்சியும் முடித்தால் ஒப்பந்தம் இல்லாமலே பணியாற்ற விண்ணப்பிக்கலாம். அந்தக் கையெழுத்துதான் அவளுக்கு வேண்டும். சேவை மனப்பான்மை என்ற சொல்லை அவள் வாயிலிருந்து நான் கேட்டதில்லை.

கையெழுத்தின் மீது அவளுக்கு இருக்கும் பிடிவாதத்துக்குப் பழைய வேரும் உண்டு. அவளுடைய பாட்டி பைத்தூனியாவிலேயே இருந்தார். புற்றுநோய் வந்தது. பாலஸ்தீனர்களுக்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை கிடைப்பது கிழக்கு ஜெருசலேமில் ஒலிவ மலைமேல் உள்ள அகஸ்டா விக்டோரியா மருத்துவமனையில். தூரம் அதிகமில்லை. ஆனால் மேற்குக் கரையிலிருந்து ஜெருசலேமுக்குள் போக இஸ்ரேலிய அனுமதிச் சீட்டு வேண்டும். 2002-லிருந்து சுவர் வேறு எழும்பிவிட்டது. சிகிச்சைக்குத் தேதி இருக்கும், சீட்டு வராது. பாட்டிக்குச் சீட்டு வரும், துணைக்குப் போகிற மகனுக்கு வராது. கதிர்வீச்சுக்கு நாள் தவறக் கூடாது என்பது உங்களுக்குத் தெரியும். முகம் தெரியாத ஓர் அதிகாரியின் கையெழுத்துக்காக ஒரு குடும்பம் தொலைபேசிப் பக்கத்தில் காத்துக்கிடந்ததைக் கடல் தாண்டி இருந்து கேட்டு வளர்ந்தவள் அவள்.

மாஸ்டர்ஸ் விண்ணப்பத்துக்கு, ஏன் படிக்க விரும்புகிறேன் என்று ஒரு கட்டுரை எழுதித்தர வேண்டும். அவளுடைய வரைவை நான் படித்தேன். நல்லெண்ணத்தோடு ஒருவர் ஆலோசனை சொன்னார்: “காஸாவை முதல் பத்தியிலேயே போடு, படிக்கிறவர்கள் உருகிவிடுவார்கள்.” அவள் கேட்கவில்லை. “நான் காஸாக்காரி இல்லை. அவர்கள் சாவைக் காட்டி எனக்கு ஸீட் வாங்க மாட்டேன்” என்றாள். எனக்கு அப்போது அது வீம்பாகப் பட்டது. இப்போதும் கொஞ்சம் வீம்புதான் என்று நினைக்கிறேன். ஆனால் மதிக்கத்தக்க வீம்பு.

காஸாவைப் பற்றி அவள் எழுதியது கட்டுரையின் நடுவில் ஒரே ஒரு பத்தி, அதுவும் போலியோ பற்றி. 25 ஆண்டுகள் போலியோ இல்லாதிருந்த காஸாவில் 2024 ஆகஸ்டில் ஒரு கைக்குழந்தைக்கு அது உறுதியானது. செப்டம்பர் 1-ந்தேதி சொட்டு மருந்து தொடங்கியது. போர் நடக்கும் மண்ணில், இரண்டு வாரத்துக்குள், சுமார் 5,60,000 குழந்தைகளுக்குக் கொடுத்து முடித்தார்கள். அந்தக் குழந்தைகள் எங்கே இருக்கிறார்கள், எந்தக் குடும்பம் எந்த முகாமுக்கு நகர்ந்தது என்று தெரிந்து வைத்திருந்த சுகாதாரப் பணியாளர்கள் இல்லாமல் இது நடந்திருக்காது. அவள் பெருமைப்பட்டது அதற்காக.

அங்கிருந்து நேரே, மேற்படிப்பில் தான் செய்ய நினைத்த ஆய்வுக்கு வந்துவிட்டாள். அமெரிக்காவில் அரபு மக்களை அரசுப் படிவங்கள் நெடுங்காலம் ‘வெள்ளையர்’ என்ற கட்டத்தில் போட்டன. 2024 மார்ச்சில்தான் மத்தியக் கிழக்கு, வட ஆப்பிரிக்க மக்களுக்குத் தனிக்கட்டம் வேண்டும் என்று தேசிய விதி மாறியது. அதுவும் ஒரே நாளில் எல்லாப் படிவத்திலும் வந்துவிடாது. பிரிட்ஜ்வியூவில் எத்தனை பாலஸ்தீனர்களுக்குச் சர்க்கரை நோய், எத்தனை பேர் நோன்பு மாதத்தில் மயங்கி வருகிறார்கள் என்று கேட்டால் சொல்ல ஏடு இல்லை. எண்ணாத கூட்டத்துக்கு யார் நிதி ஒதுக்குவார்கள்?

நேர்முகத்தில், “இவ்வளவு ஆர்வம் இருக்கிறதே, ஏன் டாக்டருக்குப் படிக்கவில்லை?” என்று கேட்டிருக்கிறார்கள். நம் ஊரிலும் கேட்கிற கேள்விதான். “அந்த அம்மா தலையாட்டியது டாக்டரிடம். உண்மையைச் சொன்னது நர்ஸிடம்” என்றாளாம்.

இடம் கிடைத்துவிட்டது. வாரத்தில் மூன்று நாள் டூட்டி பார்த்துக்கொண்டே பகுதிநேரமாகப் படிக்கிறாள். அவளுடைய ஆய்வுப் படிவத்தில் நோயாளியிடம் கேட்கும் முதல் கேள்வி, வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள் என்பது. இரண்டாவது, டாக்டரிடம் உங்களுக்காகப் பேசுவது யார், அவருக்கு வயது என்ன என்பது. இந்தப் படிவத்தின் நகல் என்னிடம் இருக்கிறது. அவள் சம்மதத்தோடுதான் கொண்டுவந்தேன். சமூக நல நர்சிங் படிக்கும் மூன்றாமாண்டு மாணவிகள் உரை முடிந்ததும் வாங்கிப் பார்க்கலாம். இப்போது உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன்.