ஹாரி ஷீசலின் இடம் ஹாஃப் பேக்தான்!

நடுவர் அவர்களே, எனக்கு முன்னால் பேசி அமர்ந்திருக்கும் எதிரணித் தலைவர் அவர்களே, ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்தும் தூங்கப் போகாமல் உட்கார்ந்திருக்கும் மெல்பர்ன் பெருமக்களே, எல்லோருக்கும் வணக்கம்.

தலைப்பை மறுபடி ஒருமுறை சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் எதிரணித் தலைவரின் பேச்சில் அது எங்கேயோ காணாமல் போய்விட்டது. “ஆஸ்திரேலியக் கால்பந்தான ஃபுட்டியின் 2026 புதிய விதிகளில் நார்த் மெல்பர்ன் அணியின் ஹாரி ஷீசலுக்கு ஏற்ற இடம் மிட்ஃபீல்டா, ஹாஃப் பேக்கா?” அவர் பேசிய நேரத்தில் முக்கால்வாசி, பையன் எவ்வளவு பெரிய ஆட்டக்காரன் என்பதற்கே போய்விட்டது. அதை இந்த மேடையில் யாருங்க இல்லைன்னு சொன்னது?

ஃபுட்டியை இப்போதுதான் பார்க்க ஆரம்பித்தவர்களும் இங்கே இருக்கிறீர்கள். பக்கத்துக்கு 18 பேர். முன்னால் ஆறு, பின்னால் ஆறு, இடையில் ஆறு, அதுதான் மிட்ஃபீல்டு. 2019-லிருந்து ஒவ்வொரு கோலுக்குப் பிறகும் நடுவட்டத்தில் ஆட்டம் மறுபடி தொடங்கும்போது இந்தக் கணக்குப்படி நின்றே ஆக வேண்டும். பின்வரிசையில் ஹாஃப் பேக் என்பவன் வெறும் காவல்காரன் இல்லை. எதிரி கொண்டுவந்த பந்தை வாங்கி, அதே இடத்திலிருந்து நம் தாக்குதலைத் தொடங்கி வைப்பவன்.

இனி பையன் கதை. 2022 டிராஃப்டில், அதாவது கிளப்புகள் முறைவைத்துப் புது வீரர்களை எடுக்கும் தேர்வில், மூன்றாவதாக எடுக்கப்பட்டவன். எடுக்கும்போது அவன் ஃபார்வர்ட், கோல் அடிக்கிற ஆள். அப்போது மிட்ஃபீல்டு என்று எதிரணியில் ஒருவரும் வாய் திறக்கவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். 2023 முதல் சுற்று, மார்வெல் ஸ்டேடியம், எதிரே வெஸ்ட் கோஸ்ட். புதுப் பயிற்சியாளர் ஆலஸ்டர் கிளார்க்சன் இவனைப் பின்வரிசைக்கு அனுப்புகிறார். பதினெட்டு வயசு, முதல் மேட்ச், 34 டிஸ்போசல். உதையும், முஷ்டியால் குத்தித் தரும் ஹேண்ட்பாலும் சேர்த்து 34 தடவை பந்து அவன் வழியாகப் போயிருக்கிறது. ஐந்து புள்ளி வித்தியாசத்தில் நார்த் ஜெயித்தது. அந்த வருஷம் ஏ.எஃப்.எல். லீகின் சிறந்த இளம் வீரருக்கான ரைசிங் ஸ்டார் விருது அவனுக்கு. கிளப்பின் சிறந்த ஆட்டக்காரருக்கான சிட் பார்க்கர் பதக்கமும் அவனுக்கு. முதல் வருஷத்திலேயே!

இதற்கு எதிரணித் தலைவர் ஒரு பதில் வைத்தார், கை தட்டலும் வாங்கினார். “அந்த வருஷம் நார்த் முதல் இரண்டு மேட்ச் ஜெயித்து, அப்புறம் வரிசையாக 20 மேட்ச் தோற்றது. பந்து எப்போதும் பின்வரிசையிலேயே கிடந்தது. அங்கே யார் நின்றாலும் எண்ணிக்கை ஏறத்தான் செய்யும்” என்றார். அந்த வரிசையில் ஆறு பேர் நின்றார்கள், ஐயா. மற்ற ஐந்து பேருக்கும் அதே பந்துதானே வந்தது? அவர்கள் வீட்டில் ஏன் பதக்கம் தொங்கவில்லை?

ஆனால் பழைய கணக்கை வைத்து நான் ஜெயிக்க வரவில்லை. தலைப்பில் புதிய விதிகள் என்று இருக்கிறது. அதற்கு வருவோம்.

எல்லாவற்றிலும் பெரிய மாற்றம் எல்லைக்கோட்டில் வந்திருக்கிறது. இரண்டு பக்கமும் கோலிலிருந்து 50 மீட்டரில் வளைவு போட்டிருப்பார்கள். அந்த இரண்டு வளைவுக்கும் இடைப்பட்ட பகுதியில், நீ உதைத்த பந்தோ ஹேண்ட்பால் செய்த பந்தோ வேறு யார் மேலும் படாமல் கோட்டைத் தாண்டினால், எதிரணிக்கு ஃப்ரீ கிக். வேண்டுமென்றே தள்ளினாயா, தவறிப் போனதா என்ற விசாரணையே கிடையாது. அடிலெய்டின் எஸ்.ஏ.என்.எஃப்.எல். லீகில் 2016-லிருந்தே இருக்கிற விதிதான். பெண்கள் லீகும் பழகிவிட்டது. இப்போது ஆண்கள் ஏ.எஃப்.எல்.லுக்கும் வந்துவிட்டது.

இது யார் தலையில் விடிகிறது? பின்வரிசை ஆட்டக்காரன் தலையில்தான். இத்தனை காலம் அவனுக்கு ஒரு தப்பிக்கும் வழி இருந்தது. கையில் பந்து, எதிரில் நாலு பேர் ஓடி வருகிறார்கள், உள்ளே உதைக்க ஆள் இல்லை. என்ன செய்வான்? கோட்டோரமாக நீளமாக ஒரு உதை. பந்து வெளியே உருண்டால் கெட்டுப்போனது ஒன்றுமில்லை, லைன் அம்பயர் உள்ளே எறிவார், இரு அணியும் மூச்சு வாங்கிக்கொள்ளும். இனி அந்த உதை ஓரடி பிசகினால் எதிரி கையில் பந்து, உன் கோலுக்கு அறுபது எழுபது மீட்டரில். உன் ஆட்களோ தாக்குதலுக்குப் போவதற்காகக் கலைந்து நிற்கிறார்கள். அங்கிருந்து வருகிற கோலைத் தடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று நார்த் ரசிகர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. ஹோபார்ட்டில் டெர்வெண்ட் ஆற்றோரக் காற்றில் அந்த அணி ஆடியதைப் பார்த்தவர்களுக்குக் கோட்டோர உதை எப்படி வளையும் என்பதும் தெரியும்.

ஆக, பின்னாலிருந்து பந்தை வெளியே கொண்டுவர இனி ஓரம் நம்பகமான வழி இல்லை. உள்வழிதான். நாற்பத்தைந்து டிகிரியில், நடுக்களத்தை நோக்கி, இரண்டு எதிரிக்கு நடுவில் கத்தி போலச் செருகுகிற உதை. தவறினால் நேரே கோல். அதனால்தான் பாதிப் பேர் அதை முயற்சி செய்யவே பயப்படுகிறார்கள். ஷீசல் செய்வான். அவன் உதைக்கும்போது கவனித்துப் பாருங்கள். பந்து கைக்கு வருவதற்கு முன்பே தலை நிமிர்ந்திருக்கும். யாருக்கு என்று முடிவு எடுத்தாகிவிட்டது, வாங்குவது ஒரு சம்பிரதாயம். உதையும் ஆள் மேல் போகாது, ஆள் ஓடிப் போய்ச் சேரவேண்டிய இடத்துக்குப் போகும்.

இதோடு 2021-இல் வந்த ஸ்டாண்ட் விதியைச் சேருங்கள். ஒருவன் பந்தைப் பிடித்து நின்றால், அவனுக்கு முன்னால் மார்க்கில், அதாவது பந்தைப் பிடித்த இடத்தில், நிற்கும் எதிரி இடமோ வலமோ அசையக் கூடாது. அம்பயர் “ஸ்டாண்ட்!” என்று கத்துவார். அசைந்தால் 50 மீட்டர் தண்டனை. முன்பெல்லாம் அந்த ஆள் பக்கவாட்டில் ஆடி ஆடி உள்வழியை அடைப்பான். இப்போது சிலை. கண்ணும் காலும் ஒத்துழைக்கிற ஒருவனுக்கு உள்வழியை விதியே திறந்துவிட்டிருக்கிறது. அந்தக் கதவுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டியவனைத்தான் நடுவட்டத்துச் சண்டைக்குள் இறக்கச் சொல்கிறார் எதிரணித் தலைவர். நாகஸ்வரக்காரரை வண்டி வைத்துக் கூட்டி வந்து, பந்தலுக்குக் கால் நடச் சொன்ன கதை இது.

சரி, நடுவட்டம். “பந்தைத் தரையில் அடித்து எழுப்பும் வழக்கத்தை 2026-இலிருந்து எடுத்துவிட்டார்கள், அம்பயர் மேலே எறிகிறார், பந்து நேராக எழும்பும், பந்துக்குத் தாவுகிற ரக் ஆட்டக்காரன் தட்டுவது குறிபார்த்து விழும், அங்கே ஷீசல் இருந்தால் அள்ளிக்கொள்வான்” என்றார். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட வழக்கம் போயிற்றே என்று எனக்கும் வருத்தம்தான். ஆனால் அதே விதியின் மறுபாதியை ஏன் விழுங்கினீர்கள்? ரக் இருவரும் நடுக்கோட்டைத் தாண்டி ஒருவரை ஒருவர் முட்டக் கூடாது என்றும் சேர்த்திருக்கிறார்கள். தாவிக் குதிக்கிறவனுக்குச் சாதகமான விதி. நார்த்தின் ரக் யார்? டிரிஸ்டன் ஜெர்ரி. முட்டி மோதி, உடம்பால் இடம் பிடித்து ஜெயிக்கிற மனுஷன். எதிரணி கொண்டாடுகிற விதி, அவர்கள் நம்புகிற ஆளின் ஆயுதத்தைத்தான் முதலில் பிடுங்குகிறது.

கணக்கும் போட்டுப் பாருங்கள். இரண்டு அணியும் சேர்ந்து 25 கோல் அடித்தால், நான்கு கால்பகுதித் தொடக்கங்களையும் சேர்த்து நடுவட்டத்தில் பந்து எழும்புவது ஏறத்தாழ 29 தடவை. அதில் பாதி எதிரிக்குப் போகும். பின்வரிசையிலிருந்து பந்து புறப்படுவது அதைவிட எத்தனை மடங்கு! எதிரி குறி தவறி ஒரு புள்ளி மட்டும் எடுத்தால்கூட ஆட்டம் நம் பின்வரிசை உதையில்தான் மறுபடி தொடங்குகிறது.

நடுவில் மோதுவதற்கு ஆளில்லையா என்ன? லூக் டேவிஸ்-யூனியாக் இருக்கிறார், ஜார்ஜ் வார்ட்லா இருக்கிறார், ஜை சிம்ப்கின் இருக்கிறார். போதாக்குறைக்கு சப்ஸ்டிட்யூட் முறையை எடுத்துவிட்டு பெஞ்சில் ஐந்து பேரை உட்கார வைத்துவிட்டார்கள். அதாவது மூச்சிரைக்க ஓடுகிற மிட்ஃபீல்டு வேலையை மாற்றி மாற்றிச் செய்ய இன்னொரு புது ஆள். ஓடுவதற்கு மாற்று ஆள் கிடைப்பான், அந்த உதைக்கு யாரைக் கொண்டுவருவது?

மிட்ஃபீல்டில் அவன் சோடை போனான் என்று நான் சொல்லவே இல்லை. 2024-லிருந்து அங்கேயும் ஆடினான், பந்தும் எடுத்தான். ஆனால் எப்படி எடுத்தான்? குவியலுக்குள்ளிருந்து, மூன்று பேர் இடுப்பைப் பிடித்துத் தொங்க, பக்கத்தில் இருப்பவனுக்கு அவசர ஹேண்ட்பால். மின்னல் மாதிரி வெடித்துக் கிளம்புகிற வேகம் அவனிடம் இல்லை, அதை அவன் ரசிகர்களே ஒப்புக்கொள்வார்கள். அந்தக் கூட்டத்தில் அவனுடைய கால் வேலையில்லாமல் கிடக்கிறது.

“பின்னால் நின்றால் பக்கவாட்டில் தட்டித் தட்டி மலிவாக எண்ணிக்கை சேர்க்கிறான்” என்பது இன்னொரு குற்றச்சாட்டு. இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அப்படிச் சில மேட்சில் நானே டிவி முன்னால் கத்தியிருக்கிறேன். ஆனால் 2023-இல் மூன்றே மேட்ச் ஜெயித்த அணியில், முன்னால் நிக் லார்கியைத் தவிர குறிவைத்து உதைக்க யார் இருந்தார்கள்? வாங்குவதற்கு ஆள் ஓடாவிட்டால் பக்கத்தில் தட்டாமல் ஆகாயத்திலா தட்டுவான்?

பிரவுன்லோ பதக்கத்தைக் கடைசி அஸ்திரமாக விட்டார். லீகின் மிகப் பெரிய தனிநபர் பதக்கம், மிட்ஃபீல்டு ஆட்டக்காரர்களுக்குத்தான் போகிறது, பையனின் எதிர்காலத்தைக் கெடுக்காதீர்கள் என்றார். வாஸ்தவம். பின்வரிசையில் ஆடி அதை வாங்கியவரைத் தேடினால் 1993-இல் எஸெண்டனின் கேவின் வாங்கனீன் வரைக்கும் போக வேண்டியிருக்கிறது. ஆனால் ஓட்டுப் போடுகிறவர்கள் அம்பயர்கள். பந்தும் அவர்களும் ஒன்றாக நிற்பது நடுவில். அவர்கள் கண்ணில் யார் படுகிறார்கள் என்பதும், அணிக்கு யார் எங்கே வேண்டும் என்பதும் ஒரே கேள்வியா, நடுவர் அவர்களே? 2016-க்குப் பிறகு இறுதிச் சுற்று வாசலையே மிதிக்காத கிளப் இது. பதக்க விழாவுக்குக் கோட்டு தைப்பதைப் பற்றி அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

மணி அடித்துவிட்டீர்கள், தெரிகிறது. ஒரே ஒரு சாட்சி, முடித்துவிடுகிறேன். கிளார்க்சன் ஹாதார்ன் அணியின் பயிற்சியாளராக இருந்தபோது 2008 இறுதிப் போட்டி. எதிரே ஜீலாங். அந்த வருஷ லீக் ஆட்டங்களில் ஒன்றே ஒன்றில்தான் தோற்றிருந்த அணி. கிளார்க்சனிடம் லூக் ஹாட்ஜ் இருந்தார். டிராஃப்டில் முதலாவதாக எடுக்கப்பட்டவர், மிட்ஃபீல்டில் எவரோடும் மோதக்கூடியவர், அன்றைக்கு விலா எலும்பில் காயம் வேறு. கிளார்க்சன் அவரை எங்கே நிறுத்தினார்? ஹாஃப் பேக்கில். ஹாதார்ன் கோப்பையை வாங்கியது, மைதானத்தின் சிறந்த ஆட்டக்காரருக்கான நார்ம் ஸ்மித் பதக்கத்தை ஹாட்ஜ் வாங்கினார். அதே கிளார்க்சன்தான் இன்றைக்கு நார்த்தின் பயிற்சியாளர். எதிரணித் தலைவர் அடுத்த சுற்றில் எழுந்திருக்கும்போது, அன்றைக்கு அவர் செய்தது தப்பு என்று முதலில் நிரூபிக்கட்டும், அதற்கப்புறம் ஷீசலைப் பற்றிப் பேசலாம். நன்றி, வணக்கம்.