சேறு வீசுன ஊருன்னு தெரியும்... 92 வருஷ ஆராய்ச்சி ஃபைல் இருக்குன்னு தெரியுமா?

[திரையில்: தண்ணியில முங்குன நெடுஞ்சாலை, வரிசையா நிக்கிற லாரிங்க]

2024 டிசம்பர் 3. ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்து ரெண்டு மூணு நாள் ஆச்சு. சென்னை-திருச்சி ஹைவேல ஜனங்க மறியல் பண்றாங்க, சமாதானம் பேச வந்த அமைச்சர் மேல சேறு வந்து விழுது. அந்த வீடியோ உங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப்புக்கும் வந்திருக்கும், மாமா ஒருத்தர் நாலு தடவை ஃபார்வர்ட் பண்ணியிருப்பாரு. அந்த ஊரு பேரு இருவேல்பட்டு. கடலூர்ல இருந்து பண்ருட்டி, அரசூர் வழியா போனா வந்துரும்.

டிவிக்காரங்க அன்னைக்கு வந்தாங்க, பேட்டி எடுத்தாங்க, போயிட்டாங்க. ஆனா இதே ஊருக்கு 1916லயே பேப்பரும் பென்சிலுமா ஆள் போய், யாருகிட்ட எவ்ளோ நிலம், கூலி எவ்ளோ, கடன் எவ்ளோன்னு எழுதி வச்சிருக்காங்க. அப்புறம் 1936-37ல, 1961ல, 1981ல, கடைசியா 2008ல. அஞ்சு தடவை மக்களே! நம்ம பக்கத்து ஊருக்கு இப்படி ஒரு ஜாதகம் இருக்குன்னு நமக்கே யாரும் சொல்லல.

வணக்கம், சேனலுக்கு புதுசா வந்தவங்க சப்ஸ்கிரைப் பண்ணிட்டு உக்காருங்க.

[இசை]

பேக்ரவுண்டை சட்டுனு முடிச்சிடுறேன், ஏன்னா இதுல தூங்கிருவீங்க. கில்பர்ட் ஸ்லேட்டர்னு ஒரு இங்கிலாந்துக்காரர், சென்னைப் பல்கலைக்கழகத்தோட முதல் பொருளாதாரப் பேராசிரியர், 1915ல வராரு. அவரு காலேஜ் பசங்ககிட்ட கேள்வித்தாளைக் குடுத்து, லீவுல ஊருக்குத்தானே போறீங்க, அந்த ஊரைப் பத்தி எழுதிட்டு வாங்கன்னு அனுப்புறாரு. அதாவது ஹாலிடே ஹோம்வொர்க். அது 1918ல புத்தகமாவே வந்துருச்சு. இருவேல்பட்டு அதுல ஒரு ஊரு. அப்போ அது தென்னாற்காடு ஜில்லா, தலைநகரம் நம்ம கடலூர். 1993ல ஜில்லாவைப் பிரிச்சதுல அது விழுப்புரத்துக்கு போயிருச்சு.

இங்க ஒரு சந்தேகம் எனக்கு. 1916ல காலேஜ் படிக்கிற பையன் யாரு வீட்டுப் பையனா இருப்பான்? நிலபுலன் உள்ள வீட்டுப் பையனாத்தான் இருக்கணும். அவன் பண்ணையாள் வீட்டுத் திண்ணையில போய் உக்காந்து, அய்யா உனக்கு எவ்ளோ கூலி குடுக்குறாங்கன்னு கேட்டா, நிலக்காரரான அவங்க அப்பா காதுக்குப் போகும்னு தெரிஞ்சும் அந்த ஆளு உண்மையைச் சொல்லிருப்பாரா? ஆராய்ச்சின்னு சொன்னாலே யாரு கேக்குறாங்க, யாருகிட்ட கேக்குறாங்கன்னு பாக்கணும். சரி, அந்தக் குறை இருந்தாலும் அந்த முதல் கணக்கு இல்லன்னா அடுத்த நாலு கணக்குக்கு அர்த்தமே கிடையாது. வீட்டுச் சுவத்துல புள்ளைங்க உயரத்தை பென்சில்ல கோடு போட்டு வைப்போம்ல, முதல் கோடு கோணலா இருந்தாலும் அது இருந்தாத்தானே வளந்துச்சா இல்லையான்னே தெரியும்.

[திரையில்: 1916 – 1937 – 1961 – 1981 – 2008]

1981ல போனது குகன், ஐஏஎஸ் ஆபீசரா இருந்து ஆராய்ச்சிப் பக்கம் வந்தவரு, கூட ஜோன் மெஞ்சர். 2008ல ஜான் ஹாரிஸ், நாகராஜ், ஜெயரஞ்சன். ஆமா, பின்னாடி மாநிலத் திட்டக்குழுவுக்கு துணைத்தலைவரா வந்தாரே, அதே ஜெயரஞ்சன்தான்.

சரி, என்னதான் மாறுச்சு? ஆரம்பத்துல ஊரு பெரிய நிலக்காரர் குடும்பங்க கையில. சேரியில இருக்கவங்க அவங்க நிலத்தை விட்டா வேற வழி இல்லாம இருந்தாங்க. 2008ல போய் பாத்தா அந்தப் பிடி தளர்ந்துபோச்சு. நான் ரொம்ப ரசிச்ச இடம் இது, ஏன்னா நிலத்தை பெருசா பிடுங்கி யாருக்கும் பிரிச்சுக் குடுத்துடல! ஆனா கட்டட வேலை, வெளியூர் வேலை, ரேஷன் அரிசி, பள்ளிக்கூடம், ஓட்டு அரசியல், இதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமா சேந்து "உன் நிலத்துக்கு வரலன்னாலும் நான் சாப்பிடுவேன்"னு சொல்ற நிலைமைக்கு கொண்டுவந்துருச்சு. 100 நாள் வேலைகூட முதல் கட்டமா 2006லயே கடலூருக்கும் விழுப்புரத்துக்கும் வந்துருச்சு. "இப்பல்லாம் நடவுக்கு ஆள் கிடைக்கல"ன்னு டீக்கடையில புலம்புறாரே ஒரு பெரியவர், அவரு புலம்பல் ஒருத்தருக்கு நஷ்டம்னா இன்னொருத்தருக்கு விடுதலை. கமெண்ட்ல சண்டை போடுறவங்க மரியாதையா போடுங்க.

[திரையில்: புதுச்சேரி, செயின்ட் லூயி வீதி]

அடுத்து பாண்டிச்சேரி. கடற்கரை ஓரமா பிரெஞ்சு இன்ஸ்டிட்யூட் இருக்குல்ல, 1955ல ஆரம்பிச்சது, ஓலைச்சுவடி இருக்கிற இடம்னு மட்டும் நமக்குத் தெரியும். அதே பில்டிங்ல இருந்து ஒரு டீம் 2010ல கிளம்பி, கடலூர், விழுப்புரம் பக்கம், பண்ருட்டியைச் சுத்தி இருக்கிற 10 கிராமத்துல 405 குடும்பத்துகிட்ட கடனைப் பத்தி மட்டும் துருவித் துருவிக் கேட்டாங்க. கடன் இல்லாத வீட்டைத் தேடித்தான் பிடிக்கணும்ன்ற நிலைமை. அதுவும் ஒரு கடன் இல்ல. அடகு, கைமாத்து, தண்டல், குழு லோன், கரும்பு வெட்டுக்கும் செங்கல் சூளைக்கும் போறதுக்கு மேஸ்திரிகிட்ட வாங்குன அட்வான்ஸ்னு ஒரே வீட்டுல அத்தனையும் ஓடும், ஒண்ணை வாங்கி இன்னொண்ணை அடைப்பாங்க. குழு லோன் பெரும்பாலும் வீட்டுப் பொம்பளைங்க தலையிலதான். அதே கடனை சாதி மாறுனா வேற மாதிரி குடுக்குறாங்க, வேற மாதிரி கேக்குறாங்கன்னும் பாத்தாங்க.

இப்ப வரேன் மெயின் மேட்டருக்கு, லைக் போட்டுட்டு கேளுங்க. இவங்க அதே வீடுங்களுக்கு 2016ல திரும்பப் போறாங்க. பாதி வீட்டுல கேட்டாச்சு, மீதி வீட்டுக்குப் போகணும். நவம்பர் 8, ராத்திரி எட்டு மணி, 500 ரூபா 1000 ரூபா நோட்டு செல்லாது! யோசிச்சுப் பாருங்க, வேற எந்த ஆராய்ச்சியாளரா இருந்தாலும் தலையில கை வச்சிருப்பாரு, ஏன்னா பாதி வீட்டுக்கணக்கு நோட்டு செல்லும்போது எடுத்தது, மீதி செல்லாதப்ப எடுத்தது, ரெண்டையும் எப்படி ஒண்ணாச் சேக்குறது? ஆனா இவங்க அதையே ஆராய்ச்சியாக்கிட்டாங்க. முன்னாடி கேட்ட வீடு, பின்னாடி கேட்ட வீடு, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தாங்க. எல்லாரும் டிஜிட்டலுக்கு மாறிடுவாங்கன்னு டெல்லியில சொன்னாங்க. பண்ருட்டி பக்கம் என்ன நடந்துச்சுன்னா, கையில காசு இல்லாம ஜனங்க தெரிஞ்சவங்க, சொந்தக்காரங்க, முதலாளின்னு ஆளைத் தேடித்தான் போனாங்க. ஆளு பழக்கம் இருக்கிறவன் தப்பிச்சான், இல்லாதவன் மாட்டுனான். கார்டு தேய்க்கச் சொன்ன திட்டம் மறுபடி கைமாத்துலயே கொண்டுபோய் விட்டுச்சு! சிரிக்கிறதா அழுறதா தெரியல எனக்கு.

கொரோனா சமயத்துல, 2020-21ல, மூணாவது தடவையும் போனாங்க.

தண்ணியைப் பத்தி ஒரு வார்த்தை. ஏரியும் வாய்க்காலும் ஊரே சேந்து பாத்துக்கிட்ட விஷயம், பம்புசெட்டு வந்து, 1990 வாக்குல எல்லா விவசாயிக்கும் இலவச கரண்டும் வந்தப்புறம் போர் அவங்கவங்க சொந்த விஷயமா ஆயிருச்சு. வாய்க்கால் தூந்துபோனா கேக்க ஆளில்ல. தென்பெண்ணை ஆத்துல தளவானூர் தடுப்பணை ஞாபகம் இருக்கா, 25 கோடி, கட்டி முடிச்சு சில மாசத்துல 2021 ஜனவரியில உடைஞ்சுது. அப்புறம் 2024ல சாத்தனூர் அணையில இருந்து விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல தண்ணி வருது, மலட்டாறு பொங்கி அரசூர்ல ஹைவே மேலயே ஏறுது, இருவேல்பட்டு ஜனங்க ரோட்டுக்கு வராங்க, சேறு பறக்குது. டிவியில பாத்தப்ப ஒரு நாள் கோவம் மாதிரி தெரிஞ்சுது. ஆனா 1916ல நிலக்காரர் எதிர்ல நின்னு பேச முடியாத ஊர்ல, இன்னைக்கு அரசாங்கத்துகிட்ட நேருக்கு நேரா "எங்களுக்கு என்ன பண்ண?"ன்னு கேக்குறாங்க. சேறு வீசுனது சரின்னு நான் சொல்லல, கேக்க முடிஞ்சுது பாருங்க, அதைச் சொல்றேன்.

இதைப் பாக்குற அண்ணாமலை யுனிவர்சிட்டி, பாண்டிச்சேரி யுனிவர்சிட்டி பசங்களுக்கு ஒண்ணு. தீசிஸுக்கு டாபிக் இல்லன்னு அலையிறீங்கல்ல? 2008க்கு அப்புறம் இருவேல்பட்டுல என்ன ஆச்சுன்னு போய்க் கேளுங்க. போனா பழைய கேள்வியை மாத்தாதீங்க தம்பிங்களா, மாத்துனா பழைய கணக்கோட ஒப்பிடவே முடியாது. கடைசியில மட்டும் ஒரு கேள்வி புதுசா சேத்துக்கோங்க: உங்க வீட்டுக்குள்ள ஆத்துத் தண்ணி இதுவரைக்கும் எத்தனை தடவை வந்துச்சு, எந்தெந்த வருஷம்?