வரிசையில் ஒன்பதாவது ஸ்கேன்

நேயர்களுக்கு வணக்கம். செயற்கை நுண்ணறிவு ஸ்கேன் படத்தைப் பார்த்து நோயைச் சொல்லிவிடுமாமே என்று பலரும் கேட்கிறார்கள். அவசரப் பிரிவில் அது செய்கிற பெரிய வேலை வேறு. வரிசையை மாற்றுவது.

தலைக்கு சி.டி. எடுக்கச் சில நிமிடம்தான் ஆகும். நேரமெல்லாம் அதற்கப்புறம்தான் போகிறது. ராத்திரி ஸ்கேன் படங்களைப் பார்த்து முடிவு சொல்ல ஒரே ஒரு ரேடியாலஜி டாக்டர் இருப்பார். அவர் கணினியில் நெஞ்சு, வயிறு, முதுகு என்று படங்கள் வந்த வரிசையில் கிடக்கும். ரேஷன் கடை கியூதான். கை கால் விழுந்துபோய் வந்தவருக்குக் கவலையில்லை, அவசரப் பிரிவு டாக்டரே போன் போட்டு அவரை முன்னால் கொண்டுவந்துவிடுவார். இரண்டு நாள் முன்பு பைக்கிலிருந்து விழுந்து, இன்றைக்குத் தானே நடந்து வந்து, சீட்டில் 'தலைவலி' என்று மட்டும் எழுதப்பட்டவர்தான் மாட்டிக்கொள்வார். மண்டையோட்டுக்குள் ரத்தம் கசிந்துகொண்டிருக்கும். அவர் படம் ஒன்பதாவதாக நிற்கும்.

மென்பொருள் அந்தப் படத்தைச் சில நிமிடத்தில் அலசி, ரத்தம் மாதிரி இருக்கிறது என்று கொடி காட்டி, முதலிடத்துக்குத் தள்ளும். முடிவு சொல்வது டாக்டர்தான். மும்பை க்யூர் ஏஐ நிறுவனத்தின் குழு இதற்காக 3 லட்சத்துக்கும் மேற்பட்ட தலை ஸ்கேன்களைத் திரட்டிச் செய்த ஆய்வு 2018-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது.

எங்கே சறுக்கும்? சி.டி.யில் ஒவ்வொன்றின் அடர்த்திக்கும் ஒரு எண் உண்டு. தண்ணீருக்கு 0, மூளைக்கு 30, 40 வாக்கில், புது ரத்தத்துக்கு அதைவிடக் கூட, அதனால் அது வெள்ளையாகத் தெரியும். வயதானவர் மூளையில் படிந்த சுண்ணாம்பும் வெள்ளைதான். தலையை ஆட்டிவிட்டால் கோடு கோடாக வெள்ளை விழும். 100 பேரில் 10 பேருக்குக் கசிவு, மென்பொருள் 90 சதவீதம் சரி என்று வையுங்கள். உண்மையான கொடி 9. மீதி 90 பேரிலும் 9 பொய்க் கொடி. பாதிக்குப் பாதி!

பொய்க் கொடியால் கொஞ்சம் நேரம்தான் வீண். கொடி விழாமல் போவதுதான் வினை. இரண்டு மூன்று வாரமான ரத்தக்கட்டு மூளையின் நிறத்துக்கே வந்துவிடும். மென்பொருள் கோட்டைவிட்டால், மற்றவர்கள் முந்த, ஒன்பதாவது ஆள் பதினோராவதாகிவிடுவார். மறுபடி வரிசைக்கே வருகிறேன், கோபிக்காதீர்கள். கொடி விழாத படத்தையும் இத்தனை நிமிடத்துக்குள் பார்த்தாக வேண்டும் என்று மருத்துவமனை கெடு வைத்தே தீர வேண்டும்.

நேரமாகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். பக்கவாதம் பற்றிச் சுருக்கமாக. பெரிய ரத்தக்குழாய் அடைப்பைச் சந்தேகித்து நிபுணரின் போனுக்குத் தகவல் அனுப்பும் விஸ் ஏஐ மென்பொருளுக்கு அமெரிக்காவில் 2018 பிப்ரவரியில் அனுமதி கிடைத்தது. ஆனால் அடைத்திருக்கும் ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக நாலரை மணி நேரம்தான் கெடு. பக்கவாதம் எப்போது தொடங்கியது என்பது எந்தப் படத்திலும் எழுதியிருக்காது. கூட வருகிறவர்தான் சொல்ல வேண்டும். விழுந்து கிடந்ததைப் பார்த்த நேரம் அல்ல, கடைசியாக நன்றாக இருந்த நேரம். தூக்கத்தில் வந்திருந்தால், படுக்கப்போன நேரம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் அந்த அட்டையையும் கையோடு எடுத்துக்கொண்டு வாருங்கள். வணக்கம்.