வீட்டு வரியில் வளர்ந்த ஆசிரியர் கல்லூரி

(கடலூர் மஞ்சக்குப்பத்தில், ஆசிரியர் பயிற்சி மாணவர்களும் நகரவாசிகளும் கூடியிருந்த கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவையோருக்கும், ஆசிரியப் பெருமக்களுக்கும், நாளைக்கு வகுப்பறைக்குள் நுழையப்போகும் மாணவச் செல்வங்களுக்கும் வணக்கம்.

அரையாண்டுக்கு ஒருமுறை நாம் கட்டுகிறோமே, அந்த வீட்டு வரியைப் பற்றித்தான் பேசப் போகிறேன். வரி என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். அமெரிக்காவில், சிகாகோவில், ஓர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி இந்த வரியை நம்பித்தான் வளர்ந்தது. ஒரு கட்டத்தில் இதனாலேயே தத்தளிக்கவும் செய்தது. கடலூர்க்காரர்களாகிய நாம் தெரிந்துகொள்ள வேண்டிய கதை அது.

1860களில் சிகாகோவைச் சுற்றியிருந்த குக் கவுண்டியில் (நம் மாவட்டம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்) முறையான பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் கிடைப்பது அரிது. பள்ளிகளை மேற்பார்வையிட்ட ஜான் எபர்ஹார்ட் என்பவர் கவுண்டி நிர்வாகத்தை விடாமல் வற்புறுத்தி, 1867இல் புளூ ஐலண்ட் என்ற ஊரில் ஒரு பயிற்சிப் பள்ளியைத் தொடங்க வைத்தார். மழைக்கு ஒழுகும் ஒரு சரக்கு ரயில் பெட்டியில்தான் அது ஆரம்பித்தது என்று அந்தக் கல்லூரியின் வரலாற்றிலேயே சொல்கிறார்கள். செலவு கவுண்டியின் தலையில். கவுண்டிக்கு வருமானம் என்றால் முக்கியமாக நிலத்துக்கும் கட்டடத்துக்கும் போடும் வரிதான்.

1883இல் பிரான்சிஸ் பார்க்கர் அங்கே தலைமை ஏற்றார். பிள்ளைகளை மனப்பாடத்திலிருந்து விடுவித்து, பார்த்தும் தொட்டும் வரைந்தும் படிக்க வைக்க ஆசிரியர்களைப் பழக்கியவர். இவ்வளவு பெரிய மனிதர், ஆண்டுதோறும் கவுண்டி உறுப்பினர்கள் முன்னால் பணத்துக்காகப் போராட வேண்டியிருந்தது. “மண்ணைப் பிசைவதற்கும் படம் போடுவதற்கும் நாங்கள் வரி கட்ட வேண்டுமா?” என்கிற மனநிலை எல்லா ஊரிலும் உண்டு. 1890களில் கவுண்டி கையை விரித்தது. கல்லூரி சிகாகோ நகரக் கல்வி வாரியத்தின் பொறுப்புக்குப் போனது. அந்த வாரியத்துக்கும் சொத்து வரிதான் உயிர்நாடி.

சொத்து வரிக்கு ஒரு குணம் உண்டு. ஊர் வளர்ந்தால் அதுவும் வளரும். புது வீடுகள் எழும்பும், மதிப்பு ஏறும், பிள்ளைகள் பெருகுவார்கள், அவர்களுக்கு வேண்டிய ஆசிரியரை உருவாக்கும் பணமும் அதே வீடுகளிலிருந்தே வரும். ஆனால் மதிப்பீடு நேர்மையாக இருக்க வேண்டும். அங்கே இல்லை.

1898இல் சிகாகோ ஆசிரியர்களுக்குச் சம்பள உயர்வு அறிவித்தார்கள். பிறகு பணமில்லை என்று நிறுத்திவிட்டார்கள். மார்கரெட் ஹேலி, கேத்தரின் காகின் என்ற இரண்டு ஆசிரியைகள் “ஏன் பணமில்லை?” என்று கேட்டார்கள். மேயரைத் தேர்ந்தெடுக்கும் ஓட்டுரிமைகூட அப்போது பெண்களுக்குக் கிடையாது. வரிப் பதிவேடுகளைத் தோண்டிப் பார்த்தார்கள். நகரத் தெருக்களைப் பயன்படுத்திக் கொழிக்கும் கேஸ் கம்பெனி, டிராம் கம்பெனி, டெலிபோன் கம்பெனி எல்லாம் தாங்கள் பெற்றிருந்த உரிமங்களின் மதிப்புக்கு வரியே கட்டவில்லை. சிறிய வீடு வைத்திருந்தவன் ஒழுங்காகக் கட்டிக்கொண்டிருந்தான். வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை போய், 1901இல் ஆசிரியைகள் பக்கம் தீர்ப்பு வந்தது. வரி வந்தது. வாரியமோ அந்தப் பணத்தை வேறு செலவுக்குத் திருப்பப் பார்த்தது. விடவில்லை, மறுபடியும் கோர்ட்டுக்குப் போனார்கள். 1904இல் நீதிபதி எட்வர்ட் டன் சம்பளப் பணம் சம்பளத்துக்கே என்று தீர்ப்பளித்தார். ஆசிரியர் சமுதாயம் செய்த மகத்தான காரியங்களில் ஒன்றாக இதை நான் மதிக்கிறேன். மறுவருடமே அந்தக் கல்லூரிக்கு எலா ஃபிளாக் யங் என்ற அம்மையார் முதல்வரானார். 1909இல் சிகாகோ நகரப் பள்ளிகள் அத்தனைக்கும் அவரே தலைவர்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 1928இல் மொத்தச் சொத்துகளுக்கும் மறுமதிப்பீடு உத்தரவானது. வரி நோட்டீசே நீண்ட காலம் அனுப்பப்படவில்லை. அதற்குள் பொருளாதாரப் பெருமந்தம் வந்தது. சொத்துக்காரர்கள் பலர் சேர்ந்து வரிகொடா இயக்கம் நடத்தினார்கள். ஆசிரியர்களுக்கு மாதக்கணக்கில் சம்பளமில்லை. பணத்துக்குப் பதில் கடன் சீட்டு. 1933 ஏப்ரலில் அவர்கள் வங்கிகளை நோக்கி ஊர்வலம் போனார்கள். கல்லூரி எப்படியோ தாக்குப்பிடித்தது. 1951இல் மாநில அரசு நடைமுறைச் செலவுகளை ஈடுகட்டத் தொடங்கி, 1965இல் கல்லூரியையே எடுத்துக்கொண்டது. இன்று அதுதான் சிகாகோ மாநிலப் பல்கலைக்கழகம்.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். கடலூர் நகராட்சி 1866இல் அமைந்தது. 1871இல் மதராஸ் மாகாணத்தில் உள்ளூர் வரியிலிருந்து பள்ளி நடத்தச் சட்டம் வந்தது. 1920ஆம் ஆண்டு தொடக்கக் கல்விச் சட்டம் உள்ளாட்சிகள் கல்வி வரி போட வழிவிட்டது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் நூலக வரி வந்தது. நம் வீட்டு வரி ரூபாய்க்குள்ளே பள்ளிக்கூடமும் நூலகமும் நூறாண்டுக் கதையாக உட்கார்ந்திருக்கின்றன. 2021இல் கடலூர் மாநகராட்சியானது. 2022இல் வரி ஏறியது: 600 சதுர அடி வரையுள்ள வீட்டுக்கு 25 சதவீதம், 1,800 சதுர அடிக்கு மேல் போனால் 100 சதவீதம். திருப்பாப்புலியூரிலும் புதுப்பாளையத்திலும் அதன் பாரத்தை உணராத வீடு இல்லை.

ஆனால் ஆசிரியரை உருவாக்கும் வேலை அந்த வரியோடு சேரவே இல்லை. வடலூரில் இருக்கிற நம் மாவட்ட ஆசிரியர் கல்வி நிறுவனம், 1986 தேசியக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து வந்த திட்டத்தின் பிள்ளை. அதற்குப் பணம் சென்னையிலிருந்தும் தில்லியிலிருந்தும் வர வேண்டும். அது எவ்வளவு எளிதாக நின்றுபோகும் என்பதைக் கண்ணால் பார்த்தோம். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் 2024–25ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய 2,152 கோடி ரூபாய் நிறுத்தி வைக்கப்பட்டது. ஆசிரியர் பயிற்சிக்கான பணமும் அந்தத் திட்டத்துக்குள்தான்.

சிகாகோ மாதிரி நாமும் ஊர் வரியை மட்டும் நம்பிக் கல்லூரி நடத்துவோம் என்று நான் சொல்ல மாட்டேன். 1930களில் அது எங்கே கொண்டுபோய் விட்டது என்று பார்த்தோம். ஏழை ஊருக்கு ஏழைக் கல்லூரிதான் கிடைக்கும். பெரும்பங்கை அரசுதான் கொடுக்க வேண்டும். ஆனால் ஊரின் பங்கு கொஞ்சமாவது அதில் இருந்தால்தான் ஊருக்குக் கேள்வி கேட்கும் உரிமை உறைக்கும்.

அதனால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நம் நகர உள்ளாட்சிகளின் வரவு செலவில் ‘தொடக்கக் கல்வி நிதி’ என்று தனிக் கணக்கே இருக்கிறது. பொது நிதி, குடிநீர் வடிகால் நிதி, அடுத்தது இது. மாநகராட்சி பட்ஜெட் வரும்போது உங்கள் வார்டு கவுன்சிலரிடம் அந்தப் பக்கத்தைக் கேளுங்கள். எவ்வளவு வந்தது, எவ்வளவு செலவாகாமல் கிடக்கிறது, யார் யார் பாக்கி, பாக்கி வைத்த பெரிய கட்டடங்கள் எவை? நம் மாநகராட்சிப் பள்ளி ஆசிரியர்கள் விடுமுறையில் வடலூருக்குப் போய்ப் புதிதாக ஒன்றைக் கற்றுவர அதிலிருந்து ஒரு பங்கு ஒதுக்க முடியுமா, சட்டம் இடம் தராவிட்டால் திருத்தக் கோரித் தீர்மானம் போட முடியுமா என்று கேளுங்கள். மனுவை எழுதும் வேலையை இங்கே இருக்கும் பயிற்சி மாணவர்களே எடுத்துக்கொள்ளலாம். கணக்கைப் படிக்கத் தெரிந்த இரண்டு பேர் போதும்.

நன்றி, வணக்கம்.